நாம் பூட்டிய கம்ப்யூட்டர்

நேற்று எங்கள் டிசைன் செக்‌ஷனில் ஒரு கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. பழுது பார்க்க வந்தவர் புது மதர்போர்டு ஒன்றைக் கொண்டுவந்து, அதன் சாம்பல் நிற உறையை என் மேசைக்குப் பக்கத்திலேயே பிரித்தார். சட்டென்று அந்த வாசனை வந்தது. புது பிளாஸ்டிக்கும் உலோகமும் கலந்த ஒரு வாசனை. நாள் முழுக்கத் தோல் வாடையிலும் ஒட்டுகிற சொல்யூஷன் நெடியிலும் ஊறிப்போன மூக்குக்கு அது வேறு ஊர்க் காற்று போல இருந்தது. நாம் கம்ப்யூட்டர் பூட்டிய அன்றைக்கு நீ இப்படி ஒரு உறையைப் பிரித்து, மூக்கை உள்ளே விட்டு முகர்ந்துவிட்டு, "இன்னா தோஸ்த், புது ஸ்கூல் பை மாதிரி வாசன அடிக்குது" என்று என்னிடம் நீட்டினாய். நேற்று நான் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். வந்து உட்கார்ந்தும் வேலை ஓடவில்லை. அதனால்தான் இன்று உனக்கு எழுதுகிறேன்.

நாம் இரண்டு பேரும் அப்போது அட்டை மேசையில் இருந்தோம். ஷூவின் மேல்பாகத்துக்கு ஒவ்வொரு துண்டும் எந்த அளவில் வர வேண்டும் என்று அட்டையில் வரைந்து வெட்டிக் கொடுக்கிற வேலை. தையல் லைனில் வருஷக்கணக்காக முதுகு வளைந்து உட்கார்ந்து, அங்கிருந்து ஒருவழியாக ஏறி வந்த இடம். அந்த மேசைக்கு முன்னால் வந்து நின்றுதான் ஒரு நாள் மேனேஜர் சொன்னார், இனிமேல் பேட்டர்ன் எல்லாம் கம்ப்யூட்டரில்தான் என்று. பொங்கலுக்குள் அதில் வரையக் கற்றுக்கொண்டவர்கள் இங்கேயே இருக்கலாம், மற்றவர்கள் பழையபடி தையல் லைனுக்கு. ஃபேக்டரியில் இருந்த கம்ப்யூட்டர்களோ ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. கற்றுக்கொள் என்றார்களே தவிர, எதில் உட்கார்ந்து கற்றுக்கொள்வது என்று யாரும் சொல்லவில்லை.

கேன்டீனில் நான் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். "திரும்ப மெஷின்ல போய் உக்காரணும்னா என் முதுகு தாங்காதுடி" என்றேன். நீ உன் டப்பாவை மெதுவாக வழித்துச் சாப்பிட்டு மூடினாய்.

"ஊட்ல ஒரு கம்ப்யூட்டர் வெச்சிக்கலாம் ஜெசி. அதுல கத்துக்கலாம்."

"வாங்கறதா?"

"வாங்கறது இல்ல. பூட்டறது. கடையில விசாரிச்சிட்டேன். ரெடியா இருக்கறது நம்ம பேட்டர்ன் சாஃப்ட்வேருக்குத் திணறுமாம். பார்ட்ஸ் வாங்கி நாமளே பூட்டிக்கிட்டா நமக்கு வேண்டிய மாதிரி இருக்கும்."

"உனக்குத் தெரியுமா அதெல்லாம்?"

"தெரியாது" என்றாய், கொஞ்சமும் கூசாமல். "ஒரு ஷூவுல எத்தினி துண்டு வருது? எண்ணிப் பாரு. கம்ப்யூட்டர்ல அத்தினி கூட இல்ல."

அதற்குப் பிறகு பஸ்ஸில் வரும்போதெல்லாம் உன் போனில் உருதுவிலும் இந்தியிலும் யாராவது ஒருவர் கம்ப்யூட்டர் பூட்டிக்கொண்டே இருப்பார். எனக்குப் புரியாது. நீ கேட்டுக்கேட்டு எனக்குத் தமிழில் சொல்வாய். எந்த போர்டுக்கு எந்த பிராசசர் உட்காரும், எதற்கு எவ்வளவு கரண்ட் வேண்டும் என்பதெல்லாம் உனக்கு மனப்பாடம். பக்கத்து சீட்டுக்காரர்கள் நம்மைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள்.

போனஸ் வந்த வாரம் சென்னைக்கு ரயிலேறி ரிச்சி தெருவுக்குப் போனோம். கடைக்காரர் நம்மை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பையனுக்காம்மா?" என்றார்.

"எங்களுக்கு."

"உங்களுக்கா? கேம் ஆடவா?"

"செருப்புக்கு" என்றாய் நீ. அந்த மனிதர் முகம் போன போக்கை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அப்புறம் நீ ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, அவரே மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இறங்கி வந்து ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். கலர் லைட் எரிகிற கேபினெட்டைக் காட்டியபோது மட்டும், "இது இன்னா கல்யாண வீடா? சாதாரணமா குடுங்க" என்று தள்ளிவிட்டாய். திரும்பும்போது ரயிலில் கேபினெட்டைக் காலுக்கு நடுவே வைத்துக்கொண்டோம். மதர்போர்டு உன் மடியில், துப்பட்டாவுக்கு அடியில். எதிரே இருந்த பெரியவர், "அது இன்னாம்மா, டிவியா?" என்றார். "இன்னும் ஒண்ணும் ஆவல. நாளைக்கு ஆவும்" என்றாய்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. உன் வீட்டுக் கூடத்து மேசையைத் துடைத்து எல்லாவற்றையும் பரப்பினோம். உன் அம்மாவை நானும் அம்மி என்றுதான் கூப்பிடுவேன். அம்மி வழக்கம்போல ஜன்னலோரக் கட்டிலில், இடது காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சர்க்கரையால் ஏற்கெனவே அந்தக் காலில் ஒரு விரலை எடுத்தாகிவிட்டது. நீ வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, எதையும் தொடுவதற்கு முன்னால் ஜன்னல் கம்பியைத் தொடு என்றாய். உடம்பில் இருக்கிற கரண்ட் பட்டால் போர்டு செத்துப்போய்விடுமாம். ஒவ்வொரு தடவையும் நாம் போய்க் கம்பியைத் தொட்டுவிட்டு வருவதை அம்மி கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னா பேட்டா, ரெண்டு பேரும் ஜன்னலுக்கு சலாம் வெச்சிட்டே இருக்கீங்க?"

நீ சிரித்த சிரிப்பில் கையிலிருந்த ஸ்க்ரூ விழுந்து உருண்டு ஓடியது. அதைத் தேடவே பாதி காலை போனது.

பிராசசரின் ஒரு மூலையில் சின்னதாகத் தங்க நிற முக்கோணம் இருந்தது. போர்டிலும் அதே மாதிரி ஒன்று. இரண்டையும் சேர்த்து வைத்து, "அமுக்காத. தானா உக்காரும்" என்றாய். மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தேன், உட்கார்ந்தது. அடுத்து ராம். "இத அமுக்கணும்." எனக்குப் பயம். லேசாகத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துவிட்டேன். நீ என் கட்டைவிரல்மேல் உன் கட்டைவிரலை வைத்து அழுத்தினாய். டக்கென்று சத்தம் வந்தபோது உடைத்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். உட்கார்ந்த சத்தமாம் அது. பிராசசர்மேல் தெர்மல் பேஸ்ட் வைக்கிற வேலை மட்டும் நம் கைக்குப் பழக்கமானது. எத்தனை வருஷம் தோலுக்கு சொல்யூஷன் தடவியிருக்கிறோம்! "கம்மியா வெய்யி, ஜாஸ்தி ஆனா பிதுங்கும்" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

கடைசியாக, திரைக்குப் படம் அனுப்புகிற கிராபிக்ஸ் கார்டையும் செருகி, எல்லாம் பூட்டி, நீ "பிஸ்மில்லா" சொல்ல, நான் சிலுவை போட, சுவிட்சை அழுத்தினோம். ஃபேன் சுற்றியது. திரையில் ஒன்றும் வரவில்லை. இருட்டு. ஒரு மூலையில் சிக்னல் இல்லை என்று மட்டும் காட்டிவிட்டு அதுவும் அணைந்துபோனது.

நான் நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். "காசு போச்சுடி. போனஸ் அத்தனையும் போச்சு."

"பேஜார் பண்ணாத. கழட்டு."

"திரும்பவா?"

"மாட்டறதுக்கு தைரியம் வேணாம் ஜெசி. கழட்டறதுக்குத்தான் வேணும். கழட்டு."

கழற்றினோம். ஒவ்வொன்றாகத் துடைத்து மறுபடி பூட்டினோம். அதே இருட்டு. அம்மி மதியத்து லுஹர் தொழுதார், சாப்பிட்டார், தூங்கி எழுந்தார். நாம் சாப்பிடவில்லை. மறுபடியும் கழற்றிப் பூட்டியும் அதே கதைதான். உன் முகத்திலும் கலவரம் வந்துவிட்டது, நீ காட்டிக்கொள்ளவில்லை. நான் வீட்டுக்குக் கிளம்பலாம் என்று எழுந்தவள், மானிட்டர் கேபிள் சரியாக இருக்கிறதா என்று சும்மா பின்பக்கம் எட்டிப் பார்த்தேன்.

"ஏய், இதே மாதிரி ஓட்டை கீழ இன்னொண்ணு இருக்குதே, அது இன்னாத்துக்கு?"

நீ எழுந்து வந்து பார்த்தாய். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டாய். "யா அல்லா! அதான்டி கிராபிக்ஸ் கார்டு. அதுலதான் மாட்டணும். நாம கேபிள மேல போர்டுல மாட்டி வெச்சிட்டு நாள் பூரா அதும் வயித்தக் கிழிச்சிட்டிருந்தோம்!"

கேபிளைக் கீழே மாற்றினோம். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வரிசையாக வந்தன. நம் பிராசசரின் பெயர், நம் ராமின் அளவு. நாம் கையால் வைத்ததெல்லாம் தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டு வந்தது. நீ என்னைக் கட்டிப்பிடித்துக் கூச்சல் போட்டாய். அம்மி கட்டிலிலிருந்து, "இன்னா படம் வருது?" என்று கேட்டார்.

"படம் இல்ல அம்மி, எழுத்து."

"வெறும் எழுத்துக்கா இவ்ளோ கூத்து?"

அந்தப் பொங்கலுக்குள் நாம் கற்றுக்கொண்டோம். ஷிஃப்ட் முடிந்ததும் உன் வீட்டுக்கு வந்துவிடுவேன். ஒருவர் வரைய, மற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து தப்புச் சொல்ல, அப்படியே. டெஸ்டில் இரண்டு பேரும் தேறினோம். பக்கத்துப் பக்கத்து மேசை கொடுத்தார்கள். எனக்கு அதோடு போதும் என்றிருந்தது. என் போனஸில் வாங்கிய பாதியையும் நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு, வீடு, பிள்ளைகள் என்று போய்விட்டேன். உனக்குப் போதவில்லை.

அம்மிக்குச் செருப்பு செய்ய வேண்டும் என்று ஆரம்பித்தாய். ஆஸ்பத்திரியில் கொடுத்த மெத்தென்ற ரப்பர் செருப்பை அம்மி போடவே மாட்டார். "அத போட்டுட்டு நிக்காஹ்வுக்குப் போனா, எல்லாரும் மொதல்ல காலத்தான் பாக்கறாங்க. சர்க்கர செருப்புன்னு அவங்களுக்கே தெரியுது" என்பார். அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, மினுமினுக்கிற எதையாவது மாட்டிக்கொண்டு போவார். வந்தபின் நீ போனில் லைட் அடித்து அவர் உள்ளங்காலை அங்குலம் அங்குலமாகப் பார்ப்பாய். அவருக்குத்தான் காலில் உணர்ச்சி இல்லையே. ஆணி குத்தினாலும் தெரியாது. பார்ப்பதற்கு விசேஷச் செருப்பு மாதிரி இருக்க வேண்டும், உள்ளே ஆஸ்பத்திரிச் செருப்பின் மெத்தை இருக்க வேண்டும், விரல் இல்லாத இடம் வெளியே தெரியக் கூடாது, பட்டி எங்கேயும் உரசக் கூடாது. இதைத்தான் நீ ஒவ்வொரு சாயங்காலமும் அந்த கம்ப்யூட்டரில் வரைந்துகொண்டிருந்தாய். வரைவாய், வெட்டுவாய், தைப்பாய், அம்மிக்குப் போட்டுவிட்டு நடக்கச் சொல்வாய், கழற்றிப் பார்ப்பாய். எங்கேயாவது ஒரு சிவப்பு இருக்கும். மறுபடி வரைவாய்.

"இது சரியா வந்துச்சுன்னா வெச்சிக்க, நாம ரெண்டு பேரும் தனியா ஒரு சின்ன யூனிட் போடலாம் ஜெசி. இந்த ஊர்ல எத்தினி அம்மிங்க இருக்காங்க தெரியுமா?" என்று பஸ்ஸில் கேட்டாய்.

"பெரியவ காலேஜ் முடிக்கட்டும்டி" என்றேன். நீயும் சரி என்றாய். இன்னும் நிறைய வருஷம் இருக்கிறது என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம்.

வயிற்று வலியை நீ கேஸ் என்றாய், பித்தம் என்றாய். கடைசியில் வேலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, டாக்டர் உன் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அண்ணன் பெங்களூரிலிருந்து வந்திருந்தார். வெளியே வந்து சுவரைப் பார்த்து நின்றார். எனக்குப் புரிந்துவிட்டது. உனக்கு அதற்கு முன்னாலேயே புரிந்திருக்கும்.

வேலை முடிந்து ஆம்பூரிலிருந்து பஸ் பிடித்து வருவேன். அந்தக் கடைசி வாரத்தில் ஒரு நாள் உனக்குக் கொஞ்சம் தெம்பு இருந்தது. தலையணையை உயர்த்தி வைக்கச் சொன்னாய்.

"ஜெசி, அந்த சிபியுவ நீ எடுத்துட்டுப் போய் உன் வீட்ல வெச்சிக்க."

"எதுக்கு? நீ வந்து நீயே வேலை செய்யப்போற."

"கேளு. அம்மி செருப்பு சரியா வந்துடுச்சி. இன்னும் தைக்கல, அதுல வரைஞ்சிதான் வெச்சிருக்கேன். பின்னாடி பட்டி உரசிட்டே இருந்துச்சில்ல, அத ஒரு எடத்துல மாத்தினேன். நீ பாத்தா புரியாது, அத எதுக்கு அப்டி பண்ணேன்னா…"

"பேசாதடி. மூச்சு வாங்குது பாரு. வீட்டுக்கு வந்து நிதானமா சொல்லு. உக்காந்து கேக்கறேன்."

நீ என்னைப் பார்த்தாய். கோபமில்லை. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, "சரி" என்றாய்.

உன் நெற்றியைத் தடவிக் கொடுத்துவிட்டு, நல்ல காரியம் செய்த நினைப்போடு பஸ் ஏறினேன். அந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டால் உன்னை அனுப்பிவைக்கச் சம்மதித்தது போல ஆகிவிடும் என்று எனக்குப் பட்டது. நம்பிக்கை கொடுக்கிறேன் என்று நினைத்தேன். உனக்கு அப்போது நம்பிக்கை வேண்டியிருக்கவில்லை. கேட்கிறதுக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. அடுத்த தடவை நான் வந்தபோது நீ பேசுகிற நிலையில் இல்லை.

நீ போய் நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்த பிறகு உன் அண்ணன் வீட்டைக் காலி செய்து அம்மியை பெங்களூருக்கு அழைத்துப் போனார். அந்த வாரம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல்; வழியனுப்பக்கூட வர முடியவில்லை. நான் எழுந்து நடமாடி, கம்ப்யூட்டர் நினைவு வந்து போன் செய்தபோது அவர் சொன்னார்: "பழசுமா அது. அங்க அம்மி ரூம்ல இடம் இல்லன்னு வேலூர்ல ஒரு கடையில குடுத்துட்டேன். உனக்கு வேணும்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா உங்கிட்டயே குடுத்திருப்பேனே." நல்ல மனுஷர். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். நீ சொல்ல வேண்டிய ஆளிடம் சொன்னாய்.

அந்தக் கடையைத் தேடிப் போனேன். கடைக்காரப் பையனுக்கு என்னைப் பார்த்துப் பாவமாக இருந்திருக்க வேண்டும். "அப்பவே பிரிச்சி வித்துட்டோம் மேடம். கார்டு ஒருத்தர் எடுத்துட்டாரு, ராம் இன்னொருத்தரு. கேபினெட்டு மட்டும்தான் இருக்குது" என்று உள்ளே காட்டினான்.

"அதுல இருந்த ஃபைல்ங்க?"

"அழிச்சிட்டுத்தான் மேடம் விப்போம். இல்லன்னா தப்பாய்டும்."

அவன் சொல்வதும் சரிதான். கேபினெட்டின் பக்கத் தகடு திறந்து கிடந்தது. உள்ளே வெறும் தகரமும் ஸ்க்ரூ ஓட்டைகளும்தான். எந்த இடத்தில் எது இருந்தது என்று என் கைக்குத் தெரியும். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் வரைகிற பேப்பரைச் சுருட்டிக்கொண்டு பெங்களூருக்கு ரயிலேறினேன். அம்மி என் தோளைப் பிடித்துக்கொண்டு பேப்பர்மேல் நின்றார். குனிந்து அவர் காலைச் சுற்றிப் பென்சிலால் வரைந்தேன். "உங்க ரெண்டு பேருக்கும் என் காலு தவிர வேற காலே கெடைக்கலியா?" என்றார். சொல்லிவிட்டு அழுதார். நான் தலையைத் தூக்கவில்லை.

முதல் ஜோடி அகலமாகிவிட்டது. இரண்டாவதைப் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்து காட்டி, "சூப்பரா இருக்குது பேட்டா, ஒண்ணுமே தெரியல" என்றார். அவருக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும். கழற்றி, காலை மடியில் வைத்துப் பார்த்தால் குதிகாலுக்கு மேலே சிவந்திருந்தது. நீ சொல்ல வந்த அதே இடம். பட்டியை மேலே ஏற்றினேன், கீழே இறக்கினேன், அகலப்படுத்தினேன், உள்ளே மெத்தை வைத்துப் பார்த்தேன். சிவப்பு குறைந்திருக்கிறது, போகவில்லை. அங்கே நீ என்ன செய்தாய் என்று எத்தனையோ சாயங்காலம் யோசித்திருக்கிறேன். ஒரு வாக்கியம். முடிக்க விட்டிருந்தால் ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

போன மாதம் போயிருந்தபோதும் செருப்பைத் திருப்பி எடுத்துப் பையில் வைத்தேன். அம்மி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இது சரியாய்ட்டா நீ வர்றது நின்னுடுமா?"

"இல்ல அம்மி. சரியானாலும் வர்றேன்."

நம்பினாரா என்று தெரியவில்லை. காலை மடியிலிருந்து எடுத்துக்கொள்ளாமல், நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது பாலாற்று மணலில் செருப்பைத் தொலைத்துவிட்டு, அடிக்குப் பயந்து அத்தை வீட்டில் ஒளிந்துகொண்ட கதையை ஆரம்பித்தார். ஒவ்வொரு தடவையும் சொல்கிற கதை. நடுவில் அவருக்கு மூச்சு வாங்குகிறது. பெயர்கள் மறந்து, தேடி, மறுபடி முதலிலிருந்து வருகிறார். உன் அண்ணி உள்ளேயிருந்து, "ரயிலுக்கு நேரமாகலியா?" என்று கேட்டார். அந்த ரயில் போனால் அடுத்த ரயில். அம்மி சொல்லி முடிக்கும்வரை அவர் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.